நானே கத்தினாலும் திறக்காதே

தட்டாதீங்க சார். தட்டிப் பிரயோஜனம் இல்ல, கைதான் வலிக்கும். பூட்டிட்டுப் போயிட்டான். இனிமே நாலு மணிக்குத்தான்.

ஊருக்குப் புதுசா? பாத்தாலே தெரியுது. உள்ளூர்க்காரன் எவனும் பத்து மணிக்கு மேல இந்தப் பார்க்குல இருக்க மாட்டான். விசில் அடிச்சானே, கேக்கலையா? அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில அசந்துட்டீங்களா? சரிதான். ரயிலு எத்தனை மணிக்கு? நாலே காலா? அப்பக் கவலையே இல்ல சார். ஸ்டேஷன் இதோ, ரோட்டைத் தாண்டினா வந்துரும். நாலு மணிக்கு டாண்ணு திறந்துருவான். ஒரு நிமிஷம் முன்னாடியும் திறக்க மாட்டான், பின்னாடியும் திறக்க மாட்டான். அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.

நான்தான் பழக்கினேன். குஞ்சிதபாதம். வெல்டன் பூங்கா நடைப்பயிற்சியாளர் சங்கத்துச் செக்ரெட்டரி. அந்த போர்டைப் பாருங்க. 'காலை பத்து முதல் மாலை நான்கு வரை பூங்கா மூடப்பட்டிருக்கும்.' கீழ செயலாளர்னு ஒரு பேரு இருக்கா? என் பேருதான்.

சிரிக்காதீங்க சார். வேற யாராவது இப்படி மாட்டியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். என்னால நாலு மணி வரைக்கும் இங்க உக்கார முடியாது. என் சம்சாரம் பன்னண்டரைக்கு ஸ்டேஷன்ல வந்து இறங்கறா. காரைக்குடியில தங்கச்சி வீட்டுலேர்ந்து வர்றா. இங்க வண்டி மாறி, ஒன்றரைக்கு ஈரோட்டு வண்டி ஏறிடுவா, பையன் வீட்டுக்கு. நடுவுல ஒரு மணி நேரம். அதுக்குள்ள நான் போய் நின்னு, 'வா அபயா, நம்ம வீட்டுக்குப் போலாம்'னு சொல்லி, அவ பெட்டியை வாங்கி ஆட்டோவுல வைக்கணும். ஈரோட்டு வண்டி ஏறிட்டான்னா அவ்வளவுதான். பையன் மாடியில ஒரு ரூம் கட்டி வச்சிருக்கான். 'அம்மா ரூம்'னுதான் சொல்றான். அப்பா ரூம்னு ஒண்ணு அவன் வாயில வரவே இல்ல.

எப்படி மாட்டினேன்னா? ராத்திரி தூக்கம் இல்ல சார். அவ போனதுலேர்ந்து அப்படித்தான். காலையில குளிச்சு, சலவைச் சட்டை போட்டு, நேரா இங்க வந்துட்டேன். வாக்கிங் ஆளுங்க எல்லாம் போனப்புறம் அந்த பேண்ட் ஸ்டாண்டு மேடைக்குப் பின்னாடி உக்காந்து, அவகிட்ட என்ன பேசறதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு மீட்டிங்குல பேசித்தான் பழக்கம். எதுவா இருந்தாலும் வரிசைப்படுத்தி வச்சுக்கணும். முதல்ல அவ உடம்பு. அப்புறம் என் உடம்பு. அப்புறம் அக்கம்பக்கத்துல என்ன பேசறாங்கங்கறது. அக்கம்பக்கத்துக்கு வர்றப்ப கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா கேட்டுல பூட்டு தொங்குது.

ஏறிக் குதிக்கலாம்னு பாக்கறீங்க. மேல பாருங்க, ஈட்டி முனை. வெல்டன் தொரை கலெக்டரா இருந்தப்ப சீமையிலேர்ந்து வந்த கம்பி இது. ஆனா முனை அப்ப மொட்டையாத்தான் இருந்துச்சு. நான்தான் சங்கத்துல சொல்லி ஈட்டி வைக்கச் சொன்னேன். பின்பக்கம் ரெண்டு கம்பி வளைஞ்சு, ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற சந்து இருந்துச்சு. அதையும் அடைச்சாச்சு. இப்பப் போய் ஆட்டிப் பாத்தேன் சார். என்ன வெல்டிங்குங்கறீங்க! துளி அசையல. வேலைன்னா அப்படி இருக்கணும்.

அந்தக் காலத்துல சனிக்கிழமை சாயங்காலம் அந்த மேடையில பேண்டு வாசிப்பானாம். தொரைங்க குடும்பத்தோட வந்து உக்காந்து கேப்பாங்களாம். நம்மாளு கம்பிக்கு வெளிய நின்னு கேக்கணும். உள்ள விட மாட்டான். என்ன அக்கிரமம் பாருங்க. நம்ம ஊர் மண்ணு, நம்ம வரிப்பணம், நம்மளையே வெளிய நிறுத்தியிருக்கான். படிக்கறப்பவே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

சுதந்திரம் வந்ததும் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அதுவும் தப்பாப் போச்சு. எல்லாருக்கும்னா எல்லாருமா வந்துட்டாங்க. மத்தியானத்துல வேலைவெட்டி இல்லாதவன், துண்டை விரிச்சுப் படுக்கறவன், ஜோடி ஜோடியா வர்ற காலேஜ் பசங்க, கூடை வச்சு விக்கறவங்க. உங்களைச் சொல்லல சார், நீங்க வெளியூரு. காலையில நடக்க வர்றவன் கௌரவமான ஆளு. சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றவனும் கௌரவமான ஆளு. நடுவுல வர்றவனுக்கு இங்க என்ன வேலைன்னு நான் கேட்டேன். எந்த அதிகாரியாலயும் பதில் சொல்ல முடியல. போட்டாங்க பூட்டு.

வாட்ச்மேனுக்கு ஒரு தடவை போன் பண்ணிட்டேன். பவுன்ராஜுன்னு பேரு. ரெண்டு பார்க்குக்கு ஒரே ஆளு. இதைப் பூட்டிட்டு ஆத்தங்கரைப் பார்க்குக்கு சைக்கிள்ல போயிருவான், சாவி அவன் இடுப்புல. என்ன சொன்னான் தெரியுமா? "சார், சோதிக்காதீங்க சார். நான் திறக்க மாட்டேன்."

"டேய், நிஜமாவே மாட்டிக்கிட்டேண்டா."

"கண்ணையன் அண்ணன்கிட்டயும் இப்படித்தான் சார் சொன்னீங்க." வச்சுட்டான்.

கண்ணையன் இவனுக்கு முன்னாடி இருந்தவன். பூட்டு போட்ட புதுசுல ரொம்ப இரக்கம் காட்டுவான். கிழவன் தண்ணி கேட்டான்னு திறப்பான், யாரோ செருப்பை விட்டுட்டாங்கன்னு திறப்பான். ஒருநாள் நானே வேணும்னே உள்ள நின்னுக்கிட்டு, 'கண்ணையா, நெஞ்சு வலிக்குதுடா, திற'ன்னு கத்தினேன். பதறி ஓடி வந்து திறந்தான். மறுநாள் அவனை அனுப்பிட்டோம். பவுன்ராஜ் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டேன்: யாரு கத்தினாலும் திறக்காதே, நானே கத்தினாலும் திறக்காதே. நல்ல பையன். சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டான்.

இன்னொரு சாவி இருக்கு சார். இல்லாம இருக்குமா? என் வீட்டுல, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில தொங்குது. வீடு பக்கந்தான், அந்த முக்குல திரும்பினா நாலாவது வீடு. வீட்டுச் சாவி இதோ என் பையில. வீட்டுலதான் ஆள் இல்ல. சங்கத்துப் பொருளாளரும் ஊர்ல இல்ல, போன் பண்ணிப் பாத்துட்டேன்.

யாரு? அந்தக் கொய்யாக்காரியா? என்ன சார் பேசறீங்க? எதுத்த நடைபாதையில கூடை வச்சு உக்காந்திருக்காளேன்னு வீட்டுச் சாவியைத் தூக்கிக் குடுத்துர முடியுமா? பீரோ சாவியும் இதே கொத்துல இருக்கு. அவ முன்னாடி இந்த கேட்டுக்கு நேரா உக்காந்திருந்தா. வாக்கிங் வர்றவங்களுக்கு இடைஞ்சல்னு எதுத்த பக்கம் மாத்தி விட்டதே நான்தான். என்மேல என்ன கோவம் இருக்குமோ. நான் பேசினதே கிடையாது அவகிட்ட.

மணி என்ன சார்? பதினொன்றரையா? இருக்கு, இன்னும் நேரம் இருக்கு.

அவ ஏன் போனான்னு கேக்கறீங்க. அதைத்தான் நானும் கேக்கறேன். நான் குடிக்கிறவனா? இல்ல. கை நீட்டினவனா? ஒரு நாளும் இல்ல. ஆபீசுல கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலையோட வீட்டுக்கு வந்து, 'அபயா, இத்தனை வருஷம் உன்னைத் தனியா விட்டுட்டேன். இனிமே உன் கூடவேதான்'னு சொன்னேன். எந்தப் புருஷன் சொல்லுவான்? சொன்ன மாதிரியே இருந்தேன். காய்கறிக் கடைக்குக் கூடப் போவேன். கோயிலுக்குக் கூடப் போவேன். தங்கச்சி கோமு போன் பண்ணினா ஸ்பீக்கர்ல போடச் சொல்லி நானும் ரெண்டு வார்த்தை பேசுவேன். அவ சமையல்கட்டுல நின்னா நாற்காலியை வாசப்படியில போட்டு உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டுவேன். விடியக்காலையில எழுப்பி வாக்கிங் கூட்டிட்டு வருவேன். அவ ஆடி அசைஞ்சு வருவா. 'கையை வீசி நட, மூச்சை இழுத்து விடு'ன்னு பக்கத்துலயே சொல்லிக்கிட்டு வருவேன். ஒரு தடவை, 'நான் மத்தியானமாத் தனியாப் போயிக்கறேங்க'ன்னா. மத்தியானத்துல எவளாவது வாக்கிங் போவாளா? தெரியாத்தனமாப் பேசுவா சில சமயம்.

பத்து மணிக்குத்தான் நான் சங்க வேலையாக் கிளம்புவேன். பொருளாளர் வீட்டுல உக்காந்து வேலை பாத்துட்டு சாப்பாட்டுக்குத்தான் திரும்புவேன். அந்த நேரத்துக்கு மட்டும் பாவம் அவ தனியா இருந்தா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஆனா ஒண்ணு சொல்லணும். அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தா. சாப்பாட்டுக்கு நான் வர்றப்ப முகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். ஏதோ முணுமுணுப்பா, பாட்டு மாதிரி. நான் வந்த சந்தோஷம்னு நெனச்சுக்குவேன்.

மறதிதான் கொஞ்சம் வந்துச்சு. ஒருநாள் சில்லறைக்காக அவ பர்ஸைத் திறந்தேன். உள்ள நாலு புளியங்கொட்டை. ஒரு பக்கம் தரையில தேச்சு வெள்ளையா இருக்கு. என்னடி இதுன்னேன். புளி ஊறப் போட்டப்ப வந்துச்சுங்கறா. புளியங்கொட்டையைத் தேச்சு பர்ஸுல யாராவது வைப்பாங்களா? டாக்டர்கிட்டக் கேட்டேன், வயசாச்சுல்லன்னாரு.

அந்தச் சமயத்துலதான் இந்த பேண்ட் ஸ்டாண்டு விவகாரம். வாங்க, காட்டறேன். வெயில் படாம நடக்கலாம், இப்படி வாங்க. இந்தத் தரையைப் பாருங்க. எல்லாம் பழைய கல்லு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல மட்டும் சிமெண்ட்டுப் பூச்சு தெரியுதா? அங்க ஆணியால கீறி தாயக்கட்டம் போட்டு வச்சிருந்தாங்க சார்! தாயம்! பொம்பளைங்க. வீட்டு வேலையை முடிச்சுட்டு வந்து வட்டமா உக்காந்து ஆடுவாங்களாம். கத்தறதும் கை தட்டறதும் ரோடு வரைக்கும் கேக்குமாம். நான் நேர்ல பாத்ததில்ல. காலையில வர்றப்ப கட்டம் மட்டும் இருக்கும். போட்டோ எடுத்துக் கொண்டுபோய் அதிகாரிங்ககிட்டக் காட்டினேன். பாரம்பரியச் சின்னத்தைப் பாழ் பண்றாங்க, பகல்ல பூட்டினாத்தான் இது நிக்கும்னு சொன்னேன். அந்தப் போட்டோதான் சார் காரியத்தை முடிச்சது. கட்டத்து மேல சிமெண்ட்டு, கேட்டுக்குப் பூட்டு, ஒரே நாள்ல ரெண்டும்.

வீட்டுக்கு வந்து அவகிட்டக் காட்டினேன். ஒரு காரியம் முடிச்சா சம்சாரத்துகிட்டத்தானே முதல்ல சொல்லத் தோணும்? 'பாரு அபயா, எப்படிக் கீறி வச்சிருக்காளுங்க'ன்னு போனை நீட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. "இதை அழிச்சுட்டீங்களா?"ன்னா. "சிமெண்ட்டே பூசியாச்சு"ன்னேன். "இனிமே பகல்ல உள்ள விட மாட்டாங்களா?"ன்னா. "ஈ காக்கா போக முடியாது"ன்னேன். சரின்னு உள்ள போயிட்டா. அன்னிக்கு ரசத்துல உப்பு இல்ல. நானும் பெரிய மனசோட ஒண்ணும் சொல்லல.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒடுங்கிட்டா. கால் வலிங்கறா, தலை வலிங்கறா. கட்டில்ல படுத்து சுவத்தைப் பாத்துக்கிட்டே இருப்பா. எத்தனை டாக்டர்! அவளுக்காக சங்க வேலையைக்கூடக் கொறைச்சுக்கிட்டு, பத்து மணிக்கு மேலயும் வீட்டுலயே இருந்தேன் சார். முழு நாளும் அவ பக்கத்துலயே. அப்பவும் தேறல. கோமுவுக்கு முழங்கால் ஆபரேஷன், கூட ஆள் வேணும்னு போனா. கோமு எழுந்து நடக்க ஆரம்பிச்சும் இவ வரல. போன் பண்ணினா, 'நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு வச்சிருவா. இப்ப ஈரோடு. நான் இங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன்.

போன் அடிக்குது சார். அவதான். வந்து இறங்கிட்டா போலிருக்கு. ஒரு நிமிஷம்.

இல்ல சார், கோவமாப் பேசல. ஸ்டேஷனுக்கு வரலையான்னு கேட்டா. விஷயத்தைச் சொன்னேன். "பூங்காவுக்குள்ளயா? பத்து மணிக்கு மேலயா?"ன்னா. ஆமான்னேன். அப்புறம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. ஸ்டேஷன் இரைச்சலாத்தான் இருக்கும். "சரி, அங்கயே இருங்க, நான் வர்றேன்"னா. வர்றாளாம் சார்! அவளே வர்றா! நீங்க இந்த பெஞ்சுலயே இருங்க. நான் கேட்டுப் பக்கம் போறேன். சட்டை கசங்கியிருக்கா?

*

வந்துட்டேன். கொஞ்சம் நகருங்க சார், உக்காந்துக்கறேன்.

பாத்தீங்கல்ல, அந்தப் பச்சைப் புடவை? அதான் அபயம். இளைச்சிருக்கான்னு நெனச்சேன், இல்ல, பூசினாப்பலதான் இருக்கா. ஆமா, போயிட்டா. ஒன்றரை வண்டிக்குத்தான் போறா.

இங்கேர்ந்து உங்களுக்கு ஒண்ணும் காதுல விழுந்திருக்காது. பஸ் சத்தம். சொல்றேன். நீங்களே சொல்லுங்க, யாரு பக்கம் நியாயம்னு.

வந்ததும் வராததுமா எங்கிட்ட வரல சார். நேரா அந்தக் கொய்யாக்காரிகிட்டப் போறா. அவ எழுந்து நின்னு, "அபயம் அக்கா!"ன்னு கத்தி, இவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறா. "உனக்கு அவளை எப்படித் தெரியும்?"னு நான் கம்பிக்குள்ளேர்ந்து கேக்கறேன். அந்தப் பொம்பளை எனக்குப் பதில் சொல்லுது: "அக்கா இல்லாம எங்க ஆட்டத்துக்கு ஒரு கை கொறைஞ்சு போச்சு ஐயா. வாரம் பூரா நாங்க நாலு பேரும் உள்ளதானே ஆடுவோம்."

என் சம்சாரம் சார். நான் போட்டோ புடிச்சுக் காட்டின கட்டம். அதுல அவளும் ஒருத்தியாம். கீறினதே அவதானாம், ஆணி வீட்டுலேர்ந்து கொண்டு போனாளாம்.

நான் சத்தம் போடல. நிதானமாத்தான் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அபயா?"ன்னு. அதுக்கு அவ சொல்றா: "சொல்லியிருந்தா நீங்களும் வந்திருப்பீங்க."

ஆமா, வந்திருப்பேன். கூட வந்து உக்காந்திருப்பேன். அதுல என்ன தப்பு சார்? நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க?

சரி, நேரம் ஆயிட்டே இருக்கு. நான் ஒத்திகை பாத்ததெல்லாம் மறந்து போச்சு. உடம்பு, அக்கம்பக்கம், ஒண்ணும் வரல. "வீட்டுக்கு வந்துரு அபயா, வீடு வீடா இல்ல"ன்னேன். அப்படியே நின்னா. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. கம்பிக்குள்ள கையை விட்டு என் காலரைச் சரி பண்ணினா. மடிஞ்சு உள்ள போயிருந்துச்சாம்.

"முதல்ல நீங்க வெளிய வாங்க"ன்னா.

இன்னொரு சாவி வீட்டுல ஆணியில இருக்குன்னு சொன்னேன். வீட்டுச் சாவிக் கொத்தை எடுத்து கம்பி வழியா நீட்டினேன். போயி எடுத்துட்டு வந்தா திறந்துரலாம், நேரம் இருந்துச்சு சார். அவ சாவியைப் பாத்தா. வாங்கல. "செபஸ்தியம்மாகிட்டக் குடுங்க. அவ ஓடிப் போய் எடுத்துட்டு வருவா. நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கறேன். வண்டி போனாப் போகட்டும்"னா.

போனாப் போகட்டும்னு அவளேதான் சொன்னா.

நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன் சார். ஒரே ஒரு நிமிஷம். யோசிக்க மாட்டாங்களா? அந்தக் கொய்யாக்காரி யாரு என்னன்னு தெரியாது, பேரே இப்பத்தான் கேள்விப்படறேன். பீரோவுல அபயத்தோட நகை இருக்கு, அவளோட நகைதானே? 'பீரோ சாவியும் இதுலதான் இருக்கு, நீயே ஒரு நடை போயிட்டு வந்துடேன் அபயா'ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா அந்தப் பொம்பளைக்குக் கேட்டிருக்கும். கூடையைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிச்சு.

அபயம் என்னைப் பாத்தா, சார். கோவமாப் பாத்திருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். நான் ஆபீசுலேர்ந்து வர்றப்ப, மழையில நனைஞ்சு வந்தா ஒரு பார்வை பாப்பா, அந்த மாதிரி. "இருக்கட்டும்ங்க"ன்னா. "அந்த வாட்ச்மேன் பையனையும் தொந்தரவு பண்ணாதீங்க. அவன் பொழைப்பு போயிரும்."

அப்படியே திரும்பி ரோட்டைத் தாண்டிப் போய், பெட்டியை ஓரமா வச்சுட்டு, நடைபாதையிலயே உக்காந்துட்டா. என் சம்சாரம், கண்காணிப்பாளர் பொண்டாட்டி, பிளாட்பாரத்துல! செபஸ்தியம்மா கரித்துண்டு எடுத்துக் கட்டம் போடுது. ரெண்டு பேரும் ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நான் இந்தப் பக்கம் ரெண்டு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். பஸ் போறப்ப மறைக்கும். பஸ் போனதும் தெரிவா. மறுபடியும் மறைக்கும். கழுத்து வலிக்க எட்டி எட்டிப் பாத்தேன்.

ஒரு தடவை தாயம் விழுந்துச்சு போல. ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினா சார்! என் அபயம்! ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கறான். சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து உண்டு. பொண்ணு பாக்கப் போனப்ப அதைத்தான் முதல்ல பாத்தேன். அடியோட மறந்தே போச்சு எனக்கு. அந்தச் சந்தை எத்தனை காலம் கழிச்சுப் பாக்கறேன், அதுவும் ஒரு ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

வண்டிக்கு நேரமானதும் எழுந்து புடவையைத் தட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா. 'நான் சாவியைக் குடுத்துர்றேன் அபயா, அவகிட்டயே குடுத்துர்றேன்'னு சொல்லணும்னு வந்துச்சு. வாய்க்குள்ளயே நின்னுச்சு. அவ பர்ஸைத் திறந்து, அந்த நாலு புளியங்கொட்டையை என் கையில வச்சு விரலை மடக்கி விட்டா.

"வச்சுக்குங்க. நாலு மணி வரைக்கும் பொழுது போகணும்ல."

அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டா. செபஸ்தியம்மா கூடையை அப்படியே போட்டுட்டு ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி தூக்கிட்டுப் போச்சு. நான் தூக்க வேண்டிய பெட்டி சார் அது.

என்ன தப்பு பண்ணேன் சொல்லுங்க. அவளுக்குப் பிடிச்ச இடம் இதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்? நான் பூட்டினது வேலைவெட்டி இல்லாதவங்களுக்காக. அவளுக்கா பூட்டினேன்?

*

மணி மூணரை ஆச்சா? நீங்க தூங்கிட்டீங்க, எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன். இல்ல சார், நான் சாப்பிடல. பசிக்கல.

இதா? செங்கல் துண்டு. அந்தப் பாத்தியோரம் கிடந்துச்சு. சிமெண்ட்டு மேல செங்கல்லால கோடு போட்டா தண்ணி ஊத்தினாப் போயிரும். அது கீறல் ஆகாது. விதியில அதுக்கு இடம் இருக்கு, நான்தானே விதி எழுதினேன். கட்டம் கொஞ்சம் கோணலா வந்துருச்சு. அவ போட்டது நேரா இருந்துச்சு, போட்டோவுல பாத்தேனே.

நாலு கொட்டையையும் உருட்டிப் போட்டா, ஒண்ணு மட்டும் வெள்ளையா விழுந்தா தாயம். தாயம் விழுந்தாத்தான் காயைக் கட்டத்துக்குள்ள இறக்க முடியும். சின்ன வயசுல வேடிக்கை பாத்தது, கை வைக்க வைக்க ஞாபகம் வருது. தாயம் எனக்கு விழுந்துருச்சு சார். அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. காய் இறங்கி வெளிக் கட்டத்துல சுத்திச் சுத்தி வருது. ஆனா எதிராளி காய் ஒண்ணையாவது வெட்டினாத்தான் உள் கட்டத்துக்குள்ள நுழைய விடுவாங்க. தனியா ஆடினா யாரை வெட்டறது? எத்தனை சுத்து வந்துட்டேன்! அதே கட்டம், அதே கட்டம். உங்களுக்கு ஆடத் தெரியுமா சார்? தெரியாதா? பரவாயில்ல.

அந்தா, விசில். பவுன்ராஜ் வந்துட்டான். நாலு மணி. சொன்னேன்ல, டாண்ணு வருவான்னு. சங்கிலி சத்தம் கேக்குதா? கிளம்புங்க சார், வண்டியை விட்டுறாதீங்க. பையை மறக்காதீங்க.

நானா? நான் எங்க போறது? ஈரோட்டு வண்டி கரூரைத் தாண்டியிருக்கும் இந்நேரம். வீட்டுக்குப் போயி அந்த ஆணியில தொங்கற சாவியைப் பாத்துக்கிட்டு உக்காரவா? கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன். கேட்டுதான் திறந்தாச்சே, இனிமே எப்ப வேணாலும் போலாம். கால் எழும்ப மாட்டேங்குது, அவ்வளவுதான்.

சார், சார், ஒரு நிமிஷம். ஒரு உதவி. ரோட்டைத் தாண்டறப்ப அங்க செபஸ்தியம்மா இருக்கும். உள்ள வரச் சொல்லுங்க. கை கொறையுதுன்னு சொன்னாப் போதும், புரியும். கூடையையும் எடுத்துட்டே வரச் சொல்லுங்க. கூடை உள்ள வரக்கூடாதுன்னு கேட்டுல போர்டு இருக்கு, அதைப் பாத்துட்டுத் தயங்கும். யாரு கூப்பிடறாங்கன்னு கேட்டா செக்ரெட்டரின்னு சொல்லிராதீங்க சார். அபயத்தோட வீட்டுக்காரர் கூப்பிடறார்னு சொல்லுங்க.